ஏ அறையும் பி அறையும்

மேனேஜர் நரசிம்மன் ஒரு வெள்ளைத் தாளைத் துர்காதேவியின் பக்கம் தள்ளி, நாலு பேர் பெயரை எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஏ அறையில் அவளோடு சேர்த்து எட்டுப் பெண்கள். அதில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்களாம். யார் யார் என்பதை அவளே முடிவு செய்ய வேண்டுமாம். பந்திக்கு எத்தனை இலை போடலாம் என்று விசாரிக்கிறவரைப் போல அவ்வளவு பதவிசாகக் கேட்டார் மனுஷன்.

காரணம் கேட்டாள். பி அறை ஒரு நாளில் முடிக்கிற பக்கங்களில் பாதியைக்கூட ஏ அறை முடிப்பதில்லை என்றார். மூன்று மாதமாகப் பார்த்துவிட்டாராம், இனிமேல் மேலிடத்துக்குப் பதில் சொல்ல முடியாதாம்.

"அவங்களுக்கும் பத்து விரல்தாம்மா. உங்களுக்கும் பத்து விரல்தான். அடுத்த வாரக் கடைசிக்குள்ள வேகம் காட்டுங்க, இல்லேன்னா பேரைக் காட்டுங்க" என்றார்.

துர்காதேவிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஏ அறைக்கு அவள் டீம் லீடர் என்றால் பி அறைக்கு ஆனந்தன். அவள் கழுத்தில் தாலி கட்டியவனும் அதே ஆனந்தன்தான்.

படூரில், மகாபலிபுரம் சாலையை ஒட்டிப் புதிதாக எழுந்த கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இருந்தது அந்தக் கம்பெனி. கடல் கடந்து ஏதோ ஒரு நூலகத்தில் நூறு வருஷத்துக்கு முந்திய விவசாயப் பத்திரிகைகள் கட்டுக்கட்டாகக் கிடந்தனவாம். அவற்றைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவார்கள். இங்கே திரையின் மேல் பாதியில் அந்தப் படம் வரும். கீழ்ப் பாதியில் அதைப் பார்த்துப் பார்த்து எழுத்தாக அடிக்க வேண்டும். படத்தில் இருக்கிறவரைக்கும் அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, திருத்த முடியாது. அடித்து முடித்தால்தான் அது எழுத்து. இங்கிலீஷ்காரன் ஆட்டுக்கு வந்த குளம்பு நோயையும் அதற்குப் போட்ட மருந்தையும் படாளத்து விவசாயி மகளான துர்காதேவி உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரே பக்கத்தை இரண்டு பேர் அடிப்பார்கள். ஏ அறையில் ஒருத்தி, பி அறையில் ஒருத்தன். இருவர் அடித்ததையும் கம்ப்யூட்டர் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடும். வித்தியாசம் எங்கே வருகிறதோ அங்கே மட்டும் கம்பேர் அறையில் இருக்கும் சியாமளா படத்தைப் பார்த்து, சரியானதைத் தேர்ந்தெடுப்பாள். தப்பு செய்த அறையின் கணக்கில் ஒரு தப்பு ஏறும். எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் விரல் தப்பும். ஆனால் இரண்டு பேருக்கு ஒரே இடத்தில் ஒரே மாதிரி தப்பாது. இந்த ஒரு நம்பிக்கையின் மேல்தான் மொத்தத் தொழிலும் ஓடிக்கொண்டிருந்தது.

அதனால் இரண்டு அறைக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. கதவு வேறு, டீ நேரம் வேறு. பெண்களை ஒரு பக்கமும் ஆண்களை ஒரு பக்கமும் போட்டால் தானாகக் கலக்க மாட்டார்கள் என்பது நரசிம்மனின் புத்தி. புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு அறைக்கு வேலை கேட்டு வந்தபோது அவர் ரொம்ப யோசித்தார். கடைசியில் ஒரு கட்டளையோடு சேர்த்துக்கொண்டார். வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாது.

அந்தக் கட்டளையைத் துர்காதேவி வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். தையூரில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில் உப்பு, புளி, சீட்டுப் பணம், மாமியாரின் மூட்டு வலி எல்லாம் பேசப்பட்டன. வேலையைப் பற்றி மட்டும் மூச்சு விட்டதில்லை. பி அறை எப்படி இந்த ஓட்டம் ஓடுகிறது என்று நாக்கு நுனிவரை வந்த கேள்வியைக்கூட விழுங்கிக்கொண்டாள். புருஷன் கெட்டிக்காரன் என்று உள்ளூரக் கொஞ்சம் பெருமை வேறு பட்டிருந்தாள். அதை நினைத்துப் பின்னால் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

வெள்ளைத் தாளைக் கைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டு ஏ அறைக்குத் திரும்பினாள். ஏழு பேரும் தலை நிமிராமல் அடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும்விட வேகம் குறைந்தவள் ஜன்னலோரத்தில் இருந்த வேண்டா. அடுத்ததும் பெண்ணாகப் பிறக்கக்கூடாது என்று பெற்றவர்கள் வேண்டிக்கொண்டு வைத்த பெயர் அது. அவளும் படாளத்துக்காரிதான். ஏற்கெனவே பெண்டாட்டியை இழந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்த ஒரு லாரி முதலாளிக்கு அவளைக் கட்டி வைக்க அப்பனும் அண்ணனும் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, துர்காதேவிதான் போய் அவர்களிடம் பேசி இந்த வேலைக்கு அழைத்து வந்தாள். சம்பாதிக்கிற வரைக்கும் விட்டுப் பிடிக்கலாம் என்று அப்பன் ஒத்துக்கொண்டிருந்தான். வேலை போன மறுநாள் லாரி முதலாளி வந்து நிற்பான். பெயர் எழுத வேண்டுமென்றால் முதல் பெயர் வேண்டாவுடையதுதான்.

அன்று சாயங்காலம் அவளும் மற்றவர்களும் நேரம் கடந்தும் அடித்தார்கள். மறுநாள் டீயைக்கூட மேஜைக்கே வரவழைத்தார்கள். வேண்டாவின் மணிக்கட்டு வீங்கி, துணி சுற்றிக்கொண்டு அடித்தாள். அப்படியும் பி அறையின் நிழலைக்கூடத் தொட முடியவில்லை.

வியாழக்கிழமை சியாமளா தன் தங்கையின் வளைகாப்புக்காக லீவு போட்டாள். கம்பேர் அறையில் உட்கார ஆளில்லை என்று நரசிம்மன் துர்காதேவியை அனுப்பினார். ஏ அறை அடித்ததும் பி அறை அடித்ததும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை அவள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தாள்.

தன் பெண்களின் தப்பு அவளுக்குத் தெரிந்த தப்பு. பக்கத்து எழுத்தில் விரல் பட்டிருக்கும். ஒரு வரியை விட்டுத் தாண்டியிருக்கும். ஒரு சொல்லை இரண்டு தரம் அடித்திருக்கும். தூக்கம் வந்தால், மணிக்கட்டு வலித்தால், வீட்டு ஞாபகம் வந்தால் வருகிற தப்பு. பி அறையின் தப்பு அப்படி இல்லை. படத்தில் ஒரு பூச்சி எச்சமிட்ட புள்ளி இருந்தால் அங்கே ஒரு கமா. ஆர் எழுத்தும் என் எழுத்தும் ஒட்டிக்கொண்டு நின்றால் அது எம். களஞ்சியம் என்கிற 'பார்ன்' 'பாம்' ஆகியிருந்தது, தானியம் என்கிற 'கார்ன்' 'காம்' ஆகியிருந்தது. ஒருத்தன் அப்படி அடித்தால் கண் மங்கல் என்று விட்டுவிடலாம். பி அறையின் எட்டுப் பேரும் எட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு அதே சொல்லில் அதே தப்பைச் செய்திருந்தார்கள். எட்டு ஆம்பிளைகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கண்தான் இருக்கிறதா என்ன?

சியாமளா இதை எப்படிக் கண்டுகொள்ளாமல் விட்டாள் என்று கோபம் வந்தது. பிறகு அதிலும் நியாயம் தெரிந்தது. வித்தியாசம் காட்டினால் சரியானதைத் தட்டுவதுதான் அவள் வேலை. ஏன் என்று கேட்பது அவள் வேலையில் சேராது. நரசிம்மனோ வேகத்தின் எண்ணை மட்டும் பார்க்கிறவர். தப்பு கொஞ்சம் கூடியிருந்தாலும், ஓடுகிற குதிரைக்குக் கொஞ்சம் புழுதி கிளம்பத்தான் செய்யும் என்று விட்டிருப்பார்.

இன்னொன்றும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆரம்பத்தில் ஆனந்தன் வேலை முடிந்து வந்ததும் கையை நீட்டிக்கொண்டு உட்காருவான். அவள் நல்லெண்ணெய் காய்ச்சி விரல் விரலாக நீவி விடுவாள். அவளுடைய விரலும் அதே வலி வலித்துக்கொண்டுதான் இருக்கும், அதை யாரும் நீவியதில்லை. இந்த மூன்று மாதமாக அவன் கை நீட்டவில்லை. பழகிவிட்டது போல என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன் வாங்கக் கோவளம் போவது அவர்களின் வழக்கம். கேளம்பாக்கத்து உப்பளங்களைத் தாண்டிப் போகும் சாலையில் ஆனந்தன் விசில் அடித்துக்கொண்டே பைக் ஓட்டினான். அவனை சூப்பர்வைசராக ஆக்கப் போகிறார்கள் என்று பேச்சு. துர்காதேவி பின்னால் உட்கார்ந்து அவன் முதுகையே முறைத்துக்கொண்டு வந்தாள்.

படகுகள் கரையேறிக்கொண்டிருந்தன. மீன் கூடைகளை விட்டுத் தள்ளி அவனை நிறுத்தி, பி அறையில் யாராவது உண்மையிலேயே அடிக்கிறார்களா என்று நேராகக் கேட்டுவிட்டாள். ஆனந்தன் முதலில் மழுப்பினான். வீட்டில் ஆபீஸ் பேச்சு கூடாது என்று சார் சொன்னதை ஞாபகப்படுத்தினான். இது வீடில்லை, கோவளம் என்றாள்.

அதற்கப்புறம் அவனுக்கு மறைக்கத் தோன்றவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததே அவனுக்குப் பாரமாக இருந்ததோ என்னவோ, சிரித்துக்கொண்டே கொட்டிவிட்டான். ரிச்சி தெருவில் ஒரு சி.டி. வாங்கினானாம். ஓசிஆர் என்று பெயராம். படத்தைக் கொடுத்தால் மெஷினே அதைப் படித்து எழுத்தாக்கித் தந்துவிடுமாம். டீம் லீடர் கம்ப்யூட்டரில் மட்டும்தான் சி.டி. போட முடியும் என்பதால் எல்லாருடைய பக்கங்களையும் அவனே ஓட்டிப் பிரித்துக் கொடுத்துவிடுகிறானாம். பி அறையில் மற்ற நேரத்துக்குச் சீட்டாட்டமாம். நோகாமல் நுங்கு தின்கிற அந்த முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கை பரபரத்தது.

மெஷின் தப்புத் தப்பாகப் படிக்கிறதே, கையால்தான் அடிக்க வேண்டும் என்று சொல்லித்தானே வேலை வாங்கியிருக்கிறார்கள் என்று கேட்டாள்.

"படிக்கட்டுமே. அதான் நீங்க கீறீங்களே" என்றான் ஆனந்தன். "நீங்க கரெக்டா அடிப்பீங்க. எங்க தப்பு கம்பேர்ல மாட்டும். சியாமளா உங்களுத எடுத்துக்குவா. சரக்கு சுத்தமா போய் சேந்துடும். ரெண்டு ரூம்ல யாராச்சும் ஒருத்தரு அடிச்சா போதும் துர்கா."

அவன் அதைக் கெட்ட எண்ணத்தோடுகூடச் சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது என்பதைப் போல இயல்பாகச் சொன்னான். அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. ஏழு பெண்கள் மணிக்கட்டு வீங்க அடிப்பது இவனுடைய மெஷின் சிந்தியதைத் துடைப்பதற்கு. துடைக்கிறவளுக்கு மந்தம் என்று பெயர். சிந்துகிறவனுக்கு சூப்பர்வைசர் பதவி.

"எங்க ரூம்ல நாலு பேர தூக்கப் போறாங்க மாமா. உன் ஸ்பீடக் காட்டித்தான் தூக்கறாங்க. வேண்டா போனா அவளுக்கு இன்னா ஆவும்னு உனக்கே தெரியும். நாளைக்கே சார்கிட்ட போய் சொல்லிடு."

ஆனந்தன் மணலைக் காலால் கீறிக்கொண்டு நின்றான். பதவி கைக்கு வருகிற நேரம் என்றான். ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொன்னான். அவன் சூப்பர்வைசர் ஆன பிறகு வேண்டாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமாம். அதற்குள் அவளுக்குக் கல்யாணமே முடிந்திருக்கும் என்று துர்காதேவி சொன்னாள். எல்லாத்துக்கும் நான் பொறுப்பாக முடியுமா என்று அவன் கேட்டான்.

அவள் மீன் கூடைகளின் பக்கம் நடந்தாள். சங்கராவும் கொஞ்சம் நெத்திலியும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். பெண்டாட்டி சமாதானமாகிவிட்டாள் என்று நினைத்து அவன் மறுபடி விசில் அடித்தான்.

திங்கட்கிழமை அவன் குளிக்கப் போன நேரத்தில் அவனுடைய பையிலிருந்து சி.டி.யை எடுத்தாள். அவனுக்குத் தேவைப்பட்டதெல்லாம் ஏற்கெனவே அவன் கம்ப்யூட்டரில் ஏறியிருந்ததால் அவன் அதைத் தேடவும் இல்லை. ஏ அறையின் டீம் லீடரான அவளுடைய கம்ப்யூட்டரிலும் சி.டி. போட முடியும். நரசிம்மனிடம் போய்த் தானே சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். வேகம் வராத பொறாமையில் கட்டின புருஷன் மேலேயே பழி போடுகிறாள் என்பார்கள். ஆனந்தன் இல்லவே இல்லை என்பான். தாளில் நாலு பெயருக்குப் பதில் அவளையும் சேர்த்து ஐந்து பெயர் இருக்கும்.

அன்றைய பக்கங்களை எல்லாம் அந்த மெஷினிலேயே ஓட்டி மதியத்துக்குள் முடித்துவிட்டாள். பெண்கள் வெறும் கையோடு உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேண்டாவுக்கு மட்டும் பயம் தெளியவில்லை.

"அக்கா, ரெண்டு பக்கமும் மெஷினே படிச்சா, தப்ப யாருக்கா பாப்பாங்க?"

"பாக்க வேண்டியவங்க பாப்பாங்க. நீ கைக்கு ஒத்தடம் குடு" என்றாள் துர்காதேவி. தான் செய்வது சரியில்லை என்று அவளுக்குத் தெரியாமலில்லை. ஆனால் சரியாகச் செய்து கண்ட பலன் கைப்பைக்குள் மடித்து வைத்த வெள்ளைத் தாளாக இருந்தது.

புதன்கிழமை நரசிம்மன் இரண்டு அறைக் கதவையும் திறக்கச் சொல்லி எல்லாரையும் கூடத்துக்கு வரவழைத்தார். முகமெல்லாம் பல். கம்பெனி தொடங்கின நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை என்றார். ஏ அறையும் பி அறையும் சமமான வேகம். அதைவிடப் பெரிய விஷயம், திங்கட்கிழமைப் பக்கங்களில் இரண்டு அறைக்கும் நடுவில் வித்தியாசம் ஒன்றுகூட இல்லை. சுத்தமாகப் பூஜ்யம். சியாமளாவுக்கு அன்றைக்கெல்லாம் வேலையே இல்லையாம். சொல்லிவிட்டு மைசூர்பாகு டப்பாவைத் திறந்து நீட்டினார்.

ஆனந்தன் எல்லாரோடும் சேர்ந்து கை தட்டினான். தட்டிக்கொண்டிருந்தபோதே கை நின்றுவிட்டது. வித்தியாசமே இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஒரே மெஷின்தான் படித்திருக்கிறது என்று அவனுக்கு உறைத்துவிட்டது. கூட்டத்துக்கு நடுவே அவன் அவளைத் தேடிப் பார்த்தான். அவள் மைசூர்பாகை நிதானமாக மென்றுகொண்டிருந்தாள்.

டீ நேரத்தில் ஏ அறையின் கதவருகே வந்து நின்றான். அந்த வாசலில் அவன் நின்றதே முதல் தடவை. அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டு அடிக்குரலில் படபடத்தான்.

"இன்னாடி பண்ணி வச்சிகீற? அத்தினி தப்பும் அப்டியே உள்ள கீது. சனிக்கிழமை சரக்கு போவுது. அங்க எட்டுத்து ஒரு பக்கம் படிச்சான்னா மொத்தமும் திரும்பி வரும். கம்பெனியே காலி. நீங்க ஒயுங்கா அடிங்கடி."

"நாங்க ஏன் அடிக்கணும்?" என்றாள் துர்காதேவி. குரலை உயர்த்தவில்லை. "யாராச்சும் ஒருத்தரு அடிச்சா போதும்னு நீதான சொன்ன. இத்தினி நாளு நாங்க அடிச்சோம். இனிமே நீ அடி."

திட்டினால் குரல் வெளியே கேட்கும். கெஞ்சினால் அவள் மசிய மாட்டாள். கடைசியில், ஒரு ஃபைல் கெட்டுப்போய்விட்டது, மறுபடி அனுப்புகிறேன் என்று சியாமளாவிடம் ஏதோ கதை விட்டுத் திங்கட்கிழமையிலிருந்து அனுப்பின பக்கங்களைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பி அறையில் சீட்டுக்கட்டு உள்ளே போயிற்று. மூன்று மாதமாகச் சும்மா கிடந்த விரல்கள், எட்டுப் பேருடையவை, விசைப்பலகையில் தடுமாறத் தொடங்கின. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்டுகிற சத்தம் ஏ அறைக்குக் கேட்டது. பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டு டீ குடித்தார்கள்.

சரக்கு சனிக்கிழமை சுத்தமாகப் போயிற்று. பி அறையின் வேகம் மட்டும் பாதிக்கும் கீழே போய்விட்டது. துர்காதேவியிடம் நரசிம்மன் மறுபடி பெயர் கேட்கவில்லை. கை கொடுத்தார், அவ்வளவுதான். பிறகு ஆனந்தனை உள்ளே கூப்பிட்டார்.

அன்று சாயங்காலம் ஆனந்தன் வீட்டுக்கு வந்து பையைப் போட்டுவிட்டுத் தரையில் சரிந்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் முன்னால் நீட்டினான். விரல்கள் வீங்கிச் சிவந்திருந்தன. துர்காதேவி நல்லெண்ணெய்ப் பாட்டிலைக் கொண்டுவந்து அவனுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பிரித்தான். வெள்ளைத் தாள். தன்னிடம் தள்ளின அதே மாதிரியான தாள் என்று அவளுக்குப் பார்த்ததுமே தெரிந்தது.

"நாலு பேரு கேக்கறாரு" என்றான். "பத்து விரல்தானேன்றாரு. எல்லாம் குடும்பஸ்தன் துர்கா. செங்கல்வராயனுக்கு இப்பதான் கொயந்த பொறந்து கீது. அவன் பேர நான் எப்டி எழுதறது?"

அவளுக்கு நெஞ்சு ஒரு கணம் இளகத்தான் செய்தது. செங்கல்வராயனின் குழந்தைக்குத் தொட்டில் போட்ட அன்று போய் வந்தவள் அவள். ஆனால் வேண்டாவின் பெயரை எழுதச் சொன்ன வாரம் இவன் விசில் அடித்துக்கொண்டு பைக் ஓட்டியது ஞாபகத்துக்கு வந்தது. இளகியது மறுபடி இறுகிவிட்டது. அலமாரிக்குப் போய், புடவைக்கு அடியில் வைத்திருந்த சி.டி.யை எடுத்துவந்து அந்த வெள்ளைத் தாளின் மேல் வைத்தாள்.

ஆனந்தன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். யார் பெயரையும் எழுதாமல் திங்கட்கிழமை நரசிம்மன் முன்னால் நிற்க ஒரே வழி அதுதான் என்று அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும். அந்த வழியில் போனால் சூப்பர்வைசர் பதவி என்ன, வேலையே நிச்சயமில்லை என்பதும் புரிந்திருக்கும்.

"எடுத்துகினு போய் சொல்லிடட்டா?" என்று கேட்டான். "இன்னாதான் பண்ணச் சொல்ற? நீயே சொல்லு."

துர்காதேவி அடுப்பைப் பற்ற வைத்து உலையை ஏற்றினாள்.

"என்ன ஏன் கேக்கற?" என்றாள். "வூட்ல ஆபீஸ் பேச்சு கூடாதுன்னு சார் சொல்லி கீறாரு."